பொன்னிலையிலிருந்து நிலைமின் அளவி வரை

துணுக்காயில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவரின் கடையில் அண்மையில் ஒரு முற்பகல் காத்திருந்தேன். அவர் முன்னே இருந்தது, போரிலே காணாமற்போன மகனின் படங்களைத் தாயொருவர் சேமித்து வைத்திருந்த கைத்தொலைபேசி. வேறு பிரதி இல்லை.

திறக்குமுன் அவர் மணிக்கட்டில் புவித்தொடுப்புப் பட்டியைக் கட்டினார். கையடக்க நிலைமின் அளவியைப் புவித்தொடுத்த உலோகத் தகட்டுக்கு நேரே பிடித்துச் சுழியத்துக்குக் கொணர்ந்தார். பின்னர் பிளாஸ்டிக் தட்டிலிருந்து 2.5 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தார். சில நூறு வோல்ற்று காட்டியது.

"பட்டி என்ர உடம்பில இருக்கிறதைத்தான் வடிக்கும்; பிளாஸ்டிக்கில இருக்கிறது வடியாது, ஐயா" என்று தட்டை அகற்றினார்.

ஏறத்தாழ 3,000 வோல்ற்றுக்குக் குறைந்த பொறியை நம் விரல் உணர்வதில்லை. சில நுண்சுற்றுகளைக் கெடுக்க 100 வோல்ற்றுக்கும் குறைவானதே போதும்.

இக்கருவியின் மூதாதையர் பழையோர். 1600இல் வில்லியம் கில்பேர்ட் சுழலும் ஊசியொன்றால் மின்கவர்ச்சியை ஆராய்ந்தார். 1787இல் ஏபிரகாம் பெனற்றின் பொன்னிலை மின்காட்டி அறியப்பட்டது. அதன் இலைகள் விரிவதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் நானும் பார்த்திருக்கிறேன். அன்று எனக்கு அது பரீட்சை வினா மட்டுமே.

மின்கலங்கள் தடைசெய்யப்பட்டிருந்த 1990களில், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டது வன்னி. மின்சாரத்துக்கு ஏங்கிய அதே மண்ணில் இன்று வேண்டாத மின்னேற்றத்தை அளந்து அகற்றுகின்றார்கள்.

நண்பகலளவில் திரை ஒளிர்ந்தது. மகன் சிரித்துக்கொண்டிருந்தான். தாய் எதுவும் பேசவில்லை. செய்தியாளனாகிய நானும் எதையும் கேட்கவில்லை.