முகத்துக்குச் சேர வேண்டிய ஒளி

அபிராமபுரத்தில் நாம் கூடியிருக்கும் இந்த மேடையில் உள்ள தோழரின் படம் இரண்டாம் முறை அச்சிடப்பட்டது. முதலில் வந்த பேனரில் அவரை வெளுக்க வைத்திருந்தார்கள். "நல்லா இருக்கட்டுமேன்னு செஞ்சேன்" என்றார் வடிவமைத்த தம்பி. அவர்மீது நமக்குக் கோபமில்லை. அந்த 'நல்லா' எங்கிருந்து வந்தது என்பதே இன்றைய பேச்சு.

கேமரா நம்மை முதலில் மாதிரிகளாகத்தான் பார்த்தது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் எலும்பும் தோலுமான மக்களை உட்கார வைத்துப் படமெடுத்தார் ராணுவ அதிகாரி ஹூப்பர். எழும்பூர் அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் மூக்குகளை அளந்தார், படமெடுத்தார். 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மூக்களவுக் கணக்குகளைக் கொண்டே பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறு இனத்தவர் அல்லர் என்று 1948இல் அம்பேத்கர் வாதிட்டார். சாதிக்கு நிறமில்லை. ஆனால் நிறத்தின்மேல் சாதி ஏறி உட்கார்ந்திருக்கிறது.

கருவியும் நடுநிலையானதல்ல. பழைய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியையே அதிகம் உணர்ந்தன. பழுப்புத் தோல் உள்ளதைவிடக் கறுத்து விழுந்தது. நெகட்டிவில் பென்சிலால் தீட்டினால் அச்சில் முகம் வெளுக்கும். டச்சிங் என்பது அதுதான். வண்ணப்படம் வந்தபோது கோடாக்கின் 'ஷர்லி' அட்டையில் வெள்ளைப் பெண்ணின் தோலே அளவுகோல். தென்னாப்பிரிக்காவில் கறுப்பர்களின் பாஸ் புத்தகப் படங்களுக்குப் போலராய்டு பயன்பட்டது. 1970இல் அந்நிறுவனத்தின் கறுப்பினத் தொழிலாளர்களான கென் வில்லியம்ஸும் கரோலின் ஹன்டரும் எதிர்த்து எழுந்தார்கள். 1977இல் போலராய்டு அங்கிருந்து வெளியேறியது.

இன்றும் வெள்ளைச் சுவர், வெள்ளைச் சட்டை. மீட்டர் காட்சி முழுவதையும் 18 சதவீதச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. வெள்ளை மிகுந்தால் வெளிச்சத்தைக் குறைக்கிறது. முகம் இருட்டில் போகிறது. உடனே பவுடர் போடச் சொல்கிறார்கள். கறுத்த முகத்துக்கு வடிவம் தருவது நெற்றியிலும் கன்னத்திலும் விழும் மினுக்கம். பவுடர் அதைத்தான் அழிக்கிறது. சுவரை விட்டு முகத்தில் ஒளியை அளக்க வேண்டும். அந்த அளவைவிடச் சற்றுக் குறைத்தால்தான் கறுப்பு சாம்பலாகாமல் கறுப்பாகவே நிற்கும். பின்னணி அடர்நிறமாக இருக்கட்டும். ஜன்னல் போன்ற அகலமான, மென்மையான ஒளி பக்கவாட்டில் விழட்டும்.

அடையாள அட்டைக்கு மட்டுமே படமெடுத்துக்கொண்ட பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். மாணவத் தோழர்களே, இந்த வாரம் அவர்களை ஜன்னலோரம் உட்கார வைத்துப் படமெடுங்கள். வெளுக்க வேண்டாம். பெயரும் தேதியும் படத்தின் பின்னால் எழுதுங்கள்.