எட்டு வருடம் காத்திருந்த ஒப்பந்தம்

நம் புதுச்சேரிக்கு விடுதலைக் கணக்கில் இரண்டு நாள்கள். நவம்பர் 1 ஒன்று, ஆகஸ்ட் 16 மற்றொன்று. ஏன் இரண்டு என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், "முதலில் நிர்வாகம் வந்தது, பிறகு சட்டப்படி வந்தது" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நடுவில் எட்டு வருடம் ஏன் போயிற்று என்பதைச் சொல்வதில்லை.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள், எதிர்த்தவர்கள் 8 பேர். நவம்பர் 1 முதல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28-இல் டில்லியில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. டில்லிக்கும் பாரீசுக்கும் இடையே தீராத வழக்கு ஒன்றும் மிச்சமில்லை. வழக்கு பாரீசுக்குள்ளேதான் இருந்தது.

நிர்வாகம் கைமாறிய அதே நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியாவில் போர் வெடித்தது. அதை விடுவதா, வைத்துக்கொள்வதா என்று பிரான்சு இரண்டாகப் பிளந்தது. நம் ஊரை ஒப்படைத்த பிரதமர் மெந்தேஸ் பிரான்ஸ், வட ஆப்பிரிக்கா பற்றிய விவாதத்திலேயே 1955 பிப்ரவரியில் பதவி இழந்தார். அடுத்து வந்த அரசுகளும் நிலைக்கவில்லை. புதுச்சேரியைச் சட்டப்படி விட்டுக்கொடுத்தால், "நாளை அல்ஜீரியாவா?" என்ற கேள்வி எழும். அதற்குப் பயந்து ஒப்பந்தத்தைக் கிடப்பில் போட்டார்கள். 1958-இல் தெ கோல் வந்த பிறகும் நான்கு வருடம் ஓடியது.

அந்த எட்டு வருடமும் நாம் இந்திய நிர்வாகத்தில் வாழ்ந்த பிரெஞ்சுப் பிரஜைகள். பிரெஞ்சில் பாடம் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு நாங்கள் எந்த நாட்டுப் பிள்ளைகள் என்பது தெளிவாகத் தெரியாது.

1962 மார்ச்சில் எவியானில் உடன்பாடு ஏற்பட்டது. ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அதே ஜூலையில் நம் ஒப்பந்தத்துக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. ஆகஸ்ட் 16 அன்று இணைப்பு முழுமையானது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும் என்றார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர் என்று ஆனது அப்போதுதான்.

அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஃபைலில் குறை ஒன்றும் இருக்காது, பக்கத்து மேசைச் சண்டை தீரும்வரை அது நகராது. பிளவுபட்ட நாட்டோடு ஒப்பந்தம் போடுகிறவர்கள், கையெழுத்தைப் பெற்றால் மட்டும் போதாது. அந்த நாட்டு வீட்டுச் சண்டை ஓயும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது.