க்ரோனோஸ்: ஒரு முதல் படத்தின் வரவு செலவு

செமஸ்டர் நெருங்குற நேரத்துல காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தை மூடி வெச்சுட்டு சினிமா பத்தி எழுத வந்துட்டான்னு திட்டாதீங்க. இதுவும் ஒரு கணக்குதான் :-)

கியெர்மோ டெல் டோரோவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 'பான்ஸ் லேப்ரிந்த்', 'ஹெல்பாய்' எடுத்தவர். 2018-ல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' படத்துக்காக சிறந்த இயக்குநர், சிறந்த படம் என்று இரண்டு ஆஸ்கர் வாங்கிய மெக்சிகோக்காரர். நான் சொல்லப்போவது அதற்குக் கால் நூற்றாண்டு முந்தைய கதை. அப்போது அவர் 28 வயசுப் பையன். கையில் ஒரே ஒரு படம், தலைக்கு மேல் கடன்.

பிறந்தது 1964-ல், குவாதலஹாரா நகரத்தில். அப்பாவுக்கு லாட்டரியில் பெரிய தொகை விழுந்து, கார் விற்கும் தொழிலில் வளர்ந்த குடும்பம். (இந்தக் காசு விஷயத்தை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.) பாட்டி கடுமையான கத்தோலிக்கர். பேரன் எந்நேரமும் பேய், பூதம் என்று படம் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்துப் பயந்து, புனித நீர் தெளித்துப் பேயோட்டியே இருக்கிறார். பேய் போகவில்லை என்பது நமக்குத் தெரியும்.

பையன் சினிமா எடுக்க ஆசைப்பட்ட காலத்தில் மெக்சிகோவில் பேய்ப்படம் என்றால் மட்டமான சரக்கு என்றுதான் பேர். எல் சாந்தோ என்ற முகமூடி மல்யுத்த வீரர் ரத்தக்காட்டேரிகளோடு சண்டை போடும் படங்கள் அங்கே ரொம்பப் பிரபலம். ஆனால் இவர் மனசில் இருந்த படத்துக்கு வேண்டிய ஒப்பனையைச் செய்ய ஊரில் ஆள் இல்லை. நாமாக இருந்தால் 'ஆள் கிடைச்சதும் பார்க்கலாம்' என்று விட்டிருப்போம். இவர் 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு ஒப்பனை செய்த டிக் ஸ்மித்துக்குக் கடிதம் எழுதி, அவருடைய தபால்வழிப் பாடத்தில் சேர்ந்து கற்றுக்கொண்டார். பிறகு 'நெக்ரோப்பியா' என்று ஒரு ஒப்பனை நிறுவனமே ஆரம்பித்துவிட்டார். சொந்தப் படம் எடுப்பதற்கு முன் பல வருடம் அடுத்தவர் படங்களுக்கு ரப்பர் தோலும் பொய்க் காயமும் செய்து கொடுத்ததுதான் அவருடைய சினிமாக் கல்லூரி.

அதே சமயம் தொலைக்காட்சியில் 'லா ஓரா மார்காதா' என்ற திகில் தொடரிலும் வேலை. அங்கேதான் அல்ஃபோன்ஸோ குவாரோனைச் சந்தித்தார் (ஆமாம், பின்னாளில் 'கிராவிட்டி' எடுத்த அதே ஆள்). குவாரோன் ஸ்டீபன் கிங் கதை ஒன்றை வைத்து ஒரு பகுதி எடுத்திருந்தார். டெல் டோரோ முதல் சந்திப்பிலேயே, கதை அவ்வளவு பிரமாதமாக இருக்க, நீ எடுத்தது ஏன் அவ்வளவு மோசம் என்று கேட்டாராம். குவாரோன் கோபப்படாமல் சிரித்தார். முப்பது வருடத்துக்கு மேலான நட்பு அப்படித்தான் தொடங்கியது.

1991-ல் வந்த 'கபேசா தே வாகா' படத்துக்கு டெல் டோரோ ஒப்பனை வேலை செய்தார். அதன் தயாரிப்பாளர் பெர்த்தா நவாரோ. இவர்தான் பிறகு 'க்ரோனோஸ்' படத்தைத் தயாரித்தவர். ஒளிப்பதிவு அவருடைய தம்பி கியெர்மோ நவாரோ. யாரிடமும் போய் வாய்ப்புக் கேட்டு நின்றதாகத் தெரியவில்லை. செய்த வேலையே சிபாரிசு.

'க்ரோனோஸ்' கதை இதுதான். பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு தாத்தாவின் கையில் தங்க வண்டு மாதிரி ஒரு கருவி சிக்குகிறது. 1536-ல் ஒரு ரசவாதி செய்தது. அது கையைக் கவ்விக் குத்தினால் இளமை திரும்பும், கூடவே ரத்த தாகமும் வரும். புத்தாண்டு விருந்தில் யாரோ ஒருவருக்கு மூக்கில் ரத்தம் வழிய, கோட் சூட் போட்ட அந்த மரியாதைக்குரிய தாத்தா கழிவறைத் தரையில் படுத்து ஒரு சொட்டு ரத்தத்தை நக்கும் காட்சி ஒன்று உண்டு. பயம் வரவில்லை எனக்கு. பாவமாக இருந்தது. பேத்தி படம் முழுக்கக் கிட்டத்தட்டப் பேசுவதே இல்லை. தாத்தா என்னவாக மாறினாலும் பயப்படாமல் பக்கத்திலேயே இருக்கிறாள். காட்டேரிப் படம் என்ற பெயரில் ஒரு குடும்பப் படம்!

இப்போது கணக்குக்கு வருவோம். படத்துக்கு ஆன செலவு சுமார் 20 லட்சம் டாலர். அன்றைய மெக்சிகோவுக்கு அது பெரிய தொகை. படப்பிடிப்பு நடுவிலேயே பணம் தட்டுப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து நடித்த ரான் பெர்ல்மனுக்குப் பேசிய சம்பளத்தைக் கொடுக்க முடியவில்லை. அவர் பெட்டியைக் கட்டாமல் இருந்து நடித்துக் கொடுத்தார். (நம்ம பாஷையில் இவர் 'கடனீந்தோர்'. பல வருடம் கழித்து, ஸ்டூடியோக்கள் வேறு பெரிய நட்சத்திரத்தைக் கேட்டபோது, ஹெல்பாயாக நடித்தால் பெர்ல்மன்தான் என்று டெல் டோரோ பிடிவாதமாக நின்று 2004-ல் சாதித்தார்.) படம் 1993-ல் கேன்ஸ் விமர்சகர் வாரத்தில் பரிசு வாங்கியது. மெக்சிகோவின் ஏரியல் விருதுகள் ஒன்பது. ஆனால் அமெரிக்கத் திரையரங்குகளில் வசூலானது 6 லட்சம் டாலர் சொச்சம்தான். அலமாரி நிறையக் கோப்பை, பக்கத்திலேயே கடன் பத்திரம்.

பேலன்ஸ் ஷீட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? 'குட்வில்' என்று ஒரு வரி உண்டு, கண்ணுக்குத் தெரியாத சொத்து. அதை நம்பித்தான் ஹாலிவுட் அழைத்தது, 'மிமிக்' (1997) கிடைத்தது. சுமார் 3 கோடி டாலர் செலவில், பெரிய பூச்சிகள் பற்றிய படம். வைன்ஸ்டீன் சகோதரர்களின் கம்பெனி. தொட்டதற்கெல்லாம் தலையீடு. அவர் மனசில் இருந்த படம் திரைக்கு வரவில்லை. 2011-ல்தான் ஓரளவு அவர் விருப்பப்படி வெட்டிய வடிவம் வெளிவந்தது.

ஏறக்குறைய அதே காலத்தில் குவாதலஹாராவில் அவருடைய அப்பாவைக் கடத்தினார்கள். 72 நாள். ஜேம்ஸ் கேமரூன் (க்ரோனோஸ் காலத்து நண்பர்) பேச்சுவார்த்தை நடத்தும் நிபுணருக்கான செலவுக்கு உதவினார். பணயத்தொகை கொடுத்துத்தான் அப்பா திரும்பி வந்தார். அந்த 90களின் இரண்டு துன்பங்களையும் ஒப்பிட்டு டெல் டோரோ 2017-ல் லண்டனில் பேசியிருக்கிறார். கடத்தல்காரர்களுக்கு என்ன வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது என்றார்.

மகன் ஹாலிவுட்டில் படம் எடுக்கிறான் என்றால் ஊரில் என்ன நினைப்பார்கள்? கோடிகளில் புரளுகிறான் என்றுதான். முதல் படத்துக் கடனும் அடுத்த படத்து அவமானமும் வெளியே யாருக்குத் தெரியும்! குட்வில் வரியை நான் இதுவரை லாபப் பக்கத்தில் மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அதன் பிறகு குடும்பத்தோடு நாட்டை விட்டுக் கிளம்பினார். 2001-ல் 'தி டெவில்ஸ் பேக்போன்'. மாணவனாக இருந்தபோதே எழுத ஆரம்பித்த கதை. அல்மோதோவாரின் நிறுவனமும் பெர்த்தா நவாரோவும் தயாரிக்க, ஸ்பெயினில் எடுத்தார். உள்நாட்டுப் போர் முடியும் நேரம், ஓர் அனாதை விடுதி, ஒரு சிறுவனின் ஆவி. மறுபடி அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைத்த படம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். க்ரோனோஸ் வந்து எட்டு வருடம் ஆகியிருந்தது.

பிராக், புடாபெஸ்ட், டொரான்டோ என்று பிறகு எங்கெங்கோ படம் எடுத்தார். நடிகர்களை வைத்து மெக்சிகோவில் அவர் இயக்கிய முழுநீளப் படம் இன்றுவரை க்ரோனோஸ் ஒன்றுதான். 2022-ல் வந்த 'பினோக்கியோ' பொம்மைப் படத்தில் மட்டும் சில காட்சிகளை குவாதலஹாராவில் உள்ள ஒரு ஸ்டூடியோவில், அந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துச் செய்ய வைத்திருக்கிறார்.