மணிக்கூண்டும் நிழலும்: மலாயா நேரத்தின் வரலாறு, சில படங்களின் வழியே

சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பள்ளி ஒன்றில் நடைபெற்ற வரலாற்றுக் கண்காட்சிக்குச் சென்றிருந்தோம். சிங்கப்பூர் விக்டோரியா நினைவு மண்டபத்தின் மணிக்கூண்டைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று அங்கே சட்டமிட்டு மாட்டப்பட்டிருந்தது. "1950களில் எடுக்கப்பட்ட அரிய படம்" என்று அதன் கீழே மாணவர் ஒருவர் அழகிய கையெழுத்தில் எழுதியிருந்தார். அரிய படம் என்றது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் அந்தப் படத்தை எடுத்தவர் நாமே. எடுத்தது 1987ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்.

பிழை அந்த மாணவரைச் சார்ந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. வானளாவிய கட்டடங்களையும் ஊர்திகளையும் முயன்று சட்டத்துக்கு வெளியே தள்ளியவர் நாம். கறுப்பு வெள்ளைப் படச்சுருளைத் தேர்ந்தவரும் நாம். நண்பர் ஒருவருக்குப் படத்தைக் கொடுத்தபோது அதன் முதுகில் நாளும் ஆண்டும் எழுதாது விட்டவரும் நாமே. நிறமற்ற படம் பழைய படம் என்று கொள்வது கண்ணின் பழக்கம். வரலாற்று மாணவரை அப்பழக்கத்தில் வீழ்த்திய பொய்ச்சான்று ஒன்றை நாமே உருவாக்கியிருந்தோம்.

அப்படத்தின் உண்மையான காலத்தை அதனுள்ளிருந்தே கண்டறிய வழியுண்டா என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தோம். வழி இருந்தது. படத்தில் கடிகாரத்தின் முட்கள் 1:20ஐ நெருங்கி நிற்கின்றன. மண்டபத்தின் முன்னுள்ள ராபிள்சின் வெண்கலச் சிலை தரையில் குறுகிய நிழலை வீழ்த்தியிருக்கிறது. நிழற்படக்காரர் எவரும் விரும்பாத உச்சிவெயில் அது. அன்று நமக்கு வேறு பொழுது வாய்க்கவில்லை. கட்டடத்தின் முகப்பு எத்திசையில் அமைந்துள்ளது என்பதை நகர நிலப்படத்தில் அளந்துகொண்டால், நிழல் நேர் வடக்கே விழுந்திருப்பது புலப்படும். ஆகவே கதிரவன் அப்போது நேர் தெற்கே, உச்சியில் இருந்தான். சிங்கப்பூரில் கதிரவன் உச்சியடையும் நேரத்தைக் கடிகாரம் 1:20 என்று காட்டுவது 1982க்குப் பிறகே இயலும். 1950களின் கடிகாரம் பிப்ரவரி உச்சிப்பொழுதில் ஏறத்தாழ 12:50 என்று காட்டியிருக்கும். அக்காலத்தில் 1:20க்கு எடுத்த படமாயின், சிலையின் நிழல் கிழக்கு நோக்கித் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும்.

இதன் காரணத்தை விளக்க வேண்டுமாயின் மலாயாவின் நேர வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். ஓர் ஊரின் இயற்கையான நேரம் அதன் நிலநெடுங்கோட்டைப் பொறுத்தது. சிங்கப்பூருக்குரிய உள்ளூர் நேரம் கிரீனிச்சைவிட 6 மணி 55 நிமிடம் 25 விநாடி முந்தியது. இரயிலும் தந்தியும் ஊர்களை நெருக்கிக் கட்டிய பின்னர், ஊருக்கொரு நேரம் என்பது தொல்லையாயிற்று. 1905 ஜூன் 1ஆம் நாள் மலாயாவுக்கென ஒரே நேரமாகக் கிரீனிச்சுக்கு 7 மணி முந்திய நேரம் வகுக்கப்பட்டது. 1933இல் அதனோடு 20 நிமிடமும், 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடமும் கூட்டினர். மாலை வெளிச்சத்தை நீட்டிப்பதே நோக்கம். கதிரவன் தன் வழியிலேயே சென்றுகொண்டிருந்தான், முட்களே நகர்த்தப்பட்டன.

பின்னர் வந்தது போர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதனையடுத்து மலாயாவின் கடிகாரங்கள் அனைத்தும் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டன. கிரீனிச்சுக்கு 9 மணி முந்திய நேரம் அது. விக்டோரியா மண்டபத்தின் கூண்டுக் கடிகாரமும் அதற்கு விலக்கன்று. ஒரே ஆணையில் ஒன்றரை மணி நேரம் மறைந்தது. காலை 8 மணியளவில்தான் கதிரவன் உதித்தான். பிற்பகல் 2 மணிக்கு மேல்தான் உச்சி சாய்ந்தான். நகரத்தின் பெயரை சியோனான் என மாற்றியதை நம் பாடநூல்கள் தவறாது குறிப்பிடுகின்றன. நேரத்தை மாற்றியதை அவை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. பெயரை மனத்துக்குள் பழையபடியே சொல்லிக்கொள்ள ஒருவருக்கு இயலும். நேரத்தை அவ்வாறு தனியாக வைத்துக்கொள்ள இயலாது; வேலைக்கும் பங்கீட்டு அரிசிக்கும் ஆட்சியாளரின் மணிக்கே சென்று நிற்க வேண்டும்.

இதிலிருந்து ஆசிரியர்கள் வகுப்பில் செய்துபார்க்கத்தக்க பயிற்சி ஒன்று கிடைக்கிறது. கடிகாரமும் நிழலும் சேர்ந்து விழுந்த பழைய படம் ஒன்றை எடுத்துக்கொள்க. சிங்கப்பூரில் கதிரவன் உச்சியடையும் நேரம், ஆண்டுச் சராசரியாக, 1905க்கு முன் 12:00, அதன்பின் 12:05, 1933 முதல் 12:25, 1941 செப்டம்பர் முதல் 12:35, ஜப்பானியர் காலத்தில் 2:05, போருக்குப்பின் மீண்டும் 12:35, 1982 முதல் 1:05. பருவத்துக்கேற்பக் கால் மணி நேரம் முன்பின் ஆகும் என்பதையும் மறத்தலாகாது. பிப்ரவரியில் அது பிந்தும், நவம்பரில் முந்தும். உச்சி நிழல் வடக்கே விழுந்தால் ஆண்டின் இறுதியோ தொடக்கமோ. தெற்கே விழுந்தால் நடுப்பகுதி. ராபிள்ஸ் சிலையும் ஒரு துணைச்சான்று. அது இம்மண்டபத்தின் முன் வந்தது 1919இல். ஜப்பானியர் காலத்தில் அகற்றப்பட்டு, 1946இல் மீண்டும் நிறுவப்பட்டது. கடிகாரமே பழுதுபட்டு நின்றிருக்குமாயின் இக்கணக்கு முழுவதும் வீண். ஆதலின் ஒரு படத்தை மட்டும் நம்பாது, அதே நாளில் எடுத்த மற்றொன்றையும் தேடுதல் நன்று.

1982ஆம் ஆண்டு மாற்றம் நம்முள் பலருக்கு நினைவிருக்கும். சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் வேண்டும் என்று தீபகற்ப மலேசியா அரை மணி முன்னேறியது. சிங்கப்பூரும் உடன் வந்தது. 1981 டிசம்பர் 31ஆம் நாள் இரவு 11:30 மணி அடித்தபோது நள்ளிரவாயிற்று. இதனால் விளையும் ஒரு விந்தையை மாணவர்கள் விரும்பிக் கேட்பர். 1957 ஆகஸ்ட் 31 பிறக்கும் நள்ளிரவில், கோலாலம்பூர்த் திடலில் பிரிட்டிஷ் கொடி இறங்கியது. எதிரே சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு 12 காட்டிற்று. இன்றைய கணக்கில் அந்தக் கணம் 12:30.

இனி நம் பயணங்களைப் பற்றி. விடுமுறை தோறும் பழைய நிழற்படக்கருவி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு மணிக்கூண்டுகளைத் தேடிச் செல்வது நம் வழக்கம். வண்ணப் படத்தில் அண்மையில் பூசிய சாயமே முதலில் கண்ணைக் கவரும். கறுப்பு வெள்ளையில் வெண்முகமும் கருமுட்களும் முன்னே வருகின்றன. மஞ்சள் வடிகட்டியை வில்லையின் முன் பொருத்தினால் நீலவானம் சற்றே கருத்து, கூண்டின் விளிம்பு தெளிவு பெறும். உயர்ந்த கூண்டினை எடுக்கக் கருவியை மேல்நோக்கிச் சாய்த்தோமாயின் நேரான கூண்டும் பின்னோக்கிச் சாய்ந்தாற்போல் தோன்றும். கருவியைச் சமமட்டத்தில் வைத்துத் தொலைவில் நிற்றலே வழி.

இந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்த ஊர் தெலுக் இந்தான். லியோங் சூன் சோங் என்பவர் 1885இல் கட்டிய அக்கோபுரம் உண்மையாகவே சாய்ந்தது. 25.5 மீட்டர் உயரம். வெளியிலிருந்து எட்டு அடுக்கு. உள்ளே மூன்றே தளம். உச்சியில் கடிகாரம், அதற்குக் கீழே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி. மென்மையான நிலமும் தண்ணீரின் பாரமும் அதைச் சாய்த்தன. நாம் முதலில் எடுத்த படத்தில் எந்தச் சாய்வு கோபுரத்தினுடையது, எது நம் கையினுடையது என்று பிரித்தறிய இயலவில்லை. இரண்டாம் முறை நீர்மட்டக் கருவியோடு சென்றோம்.

பினாங்கின் மணிக்கூண்டு விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு ஆட்சியைக் கொண்டாட சியா சென் ஈயோக் என்னும் செல்வர் வழங்கியது. ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி. அது நிறைவுற்ற 1902இல் அரசியார் உயிரோடில்லை. கோத்தா கினபாலுவின் மரக்கூண்டினைக் காணும்போது இவ்வகைச் செல்வப் பெருமிதம் தோன்றுவதில்லை. காய்ச்சலால் 28 வயதில் இறந்த மாவட்ட அதிகாரி பிரான்சிஸ் ஜார்ஜ் அட்கின்சனுக்காக அவர்தம் தாயார் 1905இல் எழுப்பியது அது. போரின் குண்டுகளுக்கும் தப்பி இன்றும் குன்றின்மேல் நிற்கிறது.

நம்மை மிகுதியும் நிற்க வைத்தது ஈப்போ. பேராவின் முதல் பிரிட்டிஷ் ஆலோசகர் ஜே.டபிள்யூ.டபிள்யூ. பர்ச் 1875 நவம்பரில் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அதற்காக மகாராஜா லேலா, டத்தோ சாகோர், பாண்டாக் இண்டுட் ஆகியோர் 1877 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டனர். முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து, 1909இல் பர்ச்சின் நினைவாக ஈப்போவில் மணிக்கூண்டு எழுந்தது. உலக நாகரிக வளர்ச்சியைக் காட்டுவதாக 44 உருவங்களை அதன் சுவர்ப்பலகையில் தீட்டினர். நாகரிகத்தை ஈப்போவுக்குக் கொண்டுவந்தவர் யார் என்பதைப் பார்ப்பவரே விளங்கிக்கொள்ளட்டும் என்பது கட்டியோரின் எண்ணம் போலும். நாடு விடுதலை பெற்றபின் கூண்டினை எவரும் இடிக்கவில்லை. அதையொட்டிய தெரு இன்று டத்தோ சாகோரின் பெயரைத் தாங்குகிறது. அருகிலேயே மகாராஜா லேலாவின் பெயரிலும் ஒரு சாலை உண்டு. கொல்லப்பட்டவரின் கடிகாரம், தூக்கிலிடப்பட்டவரின் தெருவுக்கு மணி சொல்லிக்கொண்டிருக்கிறது. கூண்டினையும் தெருப்பெயர்ப் பலகையையும் ஒரே படத்தில் அடக்க அரைநாள் முயன்றோம். பலகை தெளிவானால் முட்கள் மங்கின; முட்கள் தெளிவானால் பலகை மங்கிற்று. முடிவில் இரு படங்களாகவே எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே அட்டையில் ஒட்டினோம்.

மலாக்காவில் 1886இல் எழுந்த டான் பெங் ஸ்வீ மணிக்கூண்டின் ஆங்கிலேயக் கடிகாரத்தை 1982இல் நீக்கி ஜப்பானியக் கடிகாரம் பொருத்தினர். ஆக்கிரமிப்பைக் கண்ட முதியோர் சிலர் அதனைக் கண்டு மனம் கொதித்தனர். வெளியூரார் இதனை மிகையுணர்ச்சி எனலாம். தோக்கியோ நேரத்தில் மூன்றரை ஆண்டு வாழ்ந்தவர்களின் மனக்கொதிப்பை நாம் அவ்வாறு எண்ணுவதற்கில்லை.

நம் தொகுப்பில் நெடுங்காலம் ஒரு குறை இருந்தது. மணிக்கூண்டுகள் யாவும் நகரத்தவை. நம் முன்னோருள் பெரும்பாலோர் வாழ்ந்ததோ இரப்பர்த் தோட்டங்களில். அங்கே கூண்டு இல்லை. விடியுமுன் இரும்புத் துண்டினைத் தட்டும் ஓசை கேட்டுப் பெரட்டுக்கு ஓடி நின்றவர்கள் அவர்கள். நாளை அறுபது நாழிகையாகப் பகுத்தறிந்த மரபினர், தம் பொழுதை அந்த ஓசையிடம் ஒப்படைத்திருந்தனர். பழைய தோட்டம் ஒன்றின் அலுவலகக் கூரையில், துருப்பிடித்த தண்டவாளத் துண்டொன்று இன்னும் கம்பியில் தொங்குவதை அண்மையில் கண்டோம். அதற்கு முகமும் இல்லை, முட்களும் இல்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்தோம். இம்முறை படத்தின் முதுகில் நாளையும் ஆண்டையும், நம் கைக்கடிகாரம் காட்டிய நேரத்தையும் எழுதி வைத்தோம். காலை மணி 9:40; நிழல் மேற்கே.