தமிழக நாடோடிக் குழுக்களின் போர் மரபு

தமிழக நாடோடிக் குழுக்களின் போர் மரபு என்பது குறவர், இலம்பாடி, நரிக்குறவர் முதலிய இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களிடையே வழங்கும் போர், வேட்டை, காவல், படைப்பணி சார்ந்த வழக்கங்களையும் நினைவுகளையும் குறிக்கும். மன்னராட்சிக் காலத்தில் அரசுகளுக்குப் பயன்பட்ட இத்திறன்கள் பிரித்தானியர் ஆட்சியில் ஐயத்துக்குரியவையாயின. 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் இம்மாற்றத்தின் உச்சமாகும். அச்சட்டம் நீக்கப்பட்ட பின்னும் அதன் விளைவுகள் முற்றிலும் மறையவில்லை.

பண்டைய பின்னணி

சங்க இலக்கியத்தில் ஆநிரை கவர்தல் வெட்சி எனவும், அவற்றை மீட்டல் கரந்தை எனவும் வகுக்கப்பட்டுள்ளன. இப்போர்களில் துடி என்னும் தோற்கருவி முழக்கப்பட்டது. அதனை முழக்கியோர் துடியர் எனப்பட்டனர். கோயம்புத்தூருக்கு வடக்கே, மேட்டுப்பாளையம் சாலையில் அமைந்த துடியலூரின் பெயரிலும் துடி என்னும் சொல் காணப்படுகிறது. பாலை நிலத்து எயினரின் வழிபாட்டைச் சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி விவரிக்கிறது. ஆநிரைப் போரில் இறந்தோருக்கு எடுக்கப்பட்ட நடுகற்களும், புலியோடு பொருது இறந்தோருக்கான புலிகுத்திக் கற்களும் கொங்கு நாட்டில் பல இடங்களில் கிடைத்துள்ளன. எனினும், பிற்கால நாடோடிக் குழுக்களை இப்பண்டைய குடிகளின் நேரடி வழித்தோன்றல்கள் எனக் கொள்வதற்கில்லை.

படைகளும் நாடோடிகளும்

இலம்பாடிகள் பொதிமாடுகளில் தானியமும் உப்பும் ஏற்றித் தாண்டா எனப்படும் கூட்டங்களாகப் பயணம் செய்தவர்கள். முகலாயப் படைகள் தக்காணத்தில் போரிட்டபோது இவர்களே உணவு வழங்கினர். மூன்றாம் மைசூர்ப் போரில் (1790-1792) காரன்வாலிசின் படைக்கும் இவர்கள் தானியம் கொண்டு சென்றனர். அப்போரில் கோயம்புத்தூரும் சத்தியமங்கலமும் முக்கியக் களங்களாக இருந்தன. மைசூரையும் கொங்கு நாட்டையும் இணைத்த கசல்கட்டிக் கணவாய் படைகளின் வழியாக விளங்கியது.

நரிக்குறவர்கள் வாக்ரிபோலி என்னும் இந்திய-ஆரிய மொழியைப் பேசுகின்றனர். தம் முன்னோர் சிவாசியின் படையில் பணியாற்றியதாகவும், முகலாயரிடம் தோற்றபின் காடுகளில் ஒளிந்து வேட்டையாடிப் பிழைத்ததாகவும் இவர்களிடையே வாய்மொழி வழக்கு உள்ளது. பெயர் ஒத்திருப்பினும் இவர்கள் குறவர்களிலிருந்து வேறுபட்டவர்கள்.

வாழ்வாதார இழப்பு

1801இல் பாளையக்காரர்களின் ஆயுதங்களைப் பறிக்கும் அறிக்கையை ஆங்கிலேயர் வெளியிட்டனர். கொங்குப் பாளையக்காரரான தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பாளையப் படைகளும் பழைய காவல் முறையும் ஒழிந்தபோது, அவற்றை நம்பியிருந்தோர் பணியிழந்தனர்.

இதனைத் தொடர்ந்து வணிகமும் சரிந்தது. கடற்கரையிலிருந்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்று தானியத்துக்கு மாற்றி வந்த குறவர்களின் தொழிலை, இருப்புப்பாதையும் அரசின் உப்புக் கொள்கையும் நலிவுறச் செய்தன. சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை 1862இல் தொடர்வண்டிப் பாதை நிறைவுற்றது. 1876-1878 பஞ்சத்தில் பொதிமாடுகள் பெருமளவில் மடிந்தன. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளில் மேய்ச்சலையும் விளைபொருள் சேகரிப்பையும் கட்டுப்படுத்தியது. 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கிக்கு உரிமம் கோரியது.

குற்றப் பரம்பரைச் சட்டம்

1871இல் முதலில் வட இந்தியாவில் நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 1911ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட வடிவில் சென்னை மாகாணத்துக்கும் விரிவாக்கப்பட்டது. குற்றம் தனிமனிதரின் செயல் என்பதற்கு மாறாக, அது பிறப்பால் வருவது என்னும் கருத்தே இதன் அடிப்படை. நிலையான தொழிலும் முகவரியும் இல்லாமை ஐயத்துக்குப் போதுமானதாக இருந்தது. ஐரோப்பாவின் ரோமா மக்கள் மீதான சட்டங்களிலும் இதை ஒத்த மனப்பான்மையைக் காணலாம்.

அறிவிக்கப்பட்ட குழுவினர் கைரேகை பதிதல், குறித்த நேரத்தில் அதிகாரிகள் முன் தோன்றுதல், அனுமதிச்சீட்டின்றி ஊர் விட்டுச் செல்லாதிருத்தல் ஆகியவற்றுக்குக் கட்டுப்பட்டனர். சில குழுக்கள் தனிக் குடியிருப்புகளில் அடைக்கப்பட்டன. இரட்சணிய சேனையின் பொறுப்பில் இருந்த இசுடூவர்ட்டுபுரம் (இன்றைய ஆந்திரப் பிரதேசம்) இவற்றுள் அறியப்பட்ட ஒன்றாகும்.

நாடோடிகள் அல்லாதோரும் இதில் சேர்க்கப்பட்டனர். மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, கைரேகைப் பதிவை எதிர்த்த பிரமலைக் கள்ளர்கள் மீது காவல்துறை சுட்டதில் பெண் ஒருவர் உள்ளிட்ட 16 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

நீக்கமும் பின்னரும்

சென்னை மாகாணத்தில் 1947இல் இச்சட்டம் நீக்கப்பட்டது. அனந்தசயனம் அய்யங்கார் குழுவின் பரிந்துரைக்குப் பின் 1952 ஆகத்து 31இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. இக்குழுக்கள் அதன்பின் சீர்மரபினர் என அழைக்கப்பட்டன. ஆயினும் பல மாநிலங்கள் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்களை இயற்றின. சென்னை மாகாணம் 1948இலேயே அத்தகைய சட்டத்தைக் கொண்டு வந்தது. புதிய சட்டங்கள் தனிமனிதரைக் குறித்தவையாயினும், காவல்துறையின் பார்வை பழைய குழுக்கள் மீதே நிலைத்தது என்பது ஆய்வாளர்களின் குற்றச்சாட்டு.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் நரிக்குறவர்களின் வேட்டைத் தொழில் குற்றமாகியது. பாசிமணி கோத்தல், ஊசி விற்றல் ஆகியன இவர்களின் முக்கியத் தொழில்களாயின. காட்டுயிரைக் காக்கும் தேவை ஒருபுறமும், மாற்றுத் தொழிலின்றி நின்ற மக்களின் பசி மறுபுறமும் இருந்தமையால் இது எளிதில் தீர்க்க இயலாத சிக்கலாக இருந்தது.

இன்றைய நிலை

ரெங்கே ஆணையமும் (2008) இதாதே ஆணையமும் (2018) சீர்மரபினர், நாடோடிகள் குறித்து நடுவண் அரசிடம் அறிக்கை அளித்தன. தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்த நரிக்குறவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டமுன்வரைவை நாடாளுமன்றம் 2022 திசம்பரில் நிறைவேற்றியது. இலம்பாடிகள் தெலங்கானாவிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் பழங்குடியினர், கருநாடகத்தில் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்விரு பட்டியல்களிலும் அவர்கள் இல்லை. எல்லைகளைக் கடந்து வாழ்ந்த மக்களை மாநில எல்லைகளுக்குள் வகைப்படுத்துவதன் இடர்ப்பாட்டை இது காட்டுகிறது.

சிறைகளில் சாதி அடிப்படையிலான பாகுபாடு அரசியலமைப்புக்கு முரணானது என 2024 அக்டோபர் 3இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் சிறை விதிகளையும் அத்தீர்ப்பு கண்டித்தது.

இவற்றையும் பார்க்கவும்

நரிக்குறவர்
சீர்மரபினர்
நடுகல்
பெருங்காமநல்லூர்