பேனாக்கத்தியின் விலை

ஓலைச்சுவடிகளோடு பழக்கமுள்ள நண்பர்களுக்கு மடக்கெழுத்தாணி புதிதன்று. குண்டெழுத்தாணி, அச்செழுத்தாணி, வாரெழுத்தாணி என்று நம் முன்னோர் பயன்படுத்திய எழுதுகருவிகளின் வரிசையில் அதுவும் ஒன்று. ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஓலையை நறுக்கிச் சீராக்கும் சிறு கத்தி. இரண்டையும் மடக்கினால் கைப்பிடிக்குள் அடங்கிவிடும். ஆங்கிலேயர் இறகு கொண்டு எழுதிய காலத்தில் அவ்விறகின் முனையைச் சீவுவதற்கென்று ஒரு சிறு மடக்குக்கத்தியை வைத்திருந்தனர். அதுவே நாம் இன்றும் பேனாக்கத்தி என்று வழங்குவது. ஓலையானாலும் இறகானாலும், எழுதுகிறவனின் மடியில் ஒரு மடக்குக்கத்தி இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

தமிழகத்து எஃகைப் பற்றிப் பேசும்போது நாம் உடனே வாளுக்குத் தாவிவிடுகிறோம். டமாஸ்கஸ் வாள், அதன் மேல் ஓடும் நீரலை போன்ற வரிகள், பட்டுத்துணி இரண்டாகும் கதை. ஆனால் எஃகின் வரலாற்றில் 'எது சிறந்தது?' என்ற கேள்விக்குப் பக்கத்திலேயே 'எது கட்டுபடியாகும்?' என்ற கேள்வியும் எப்போதும் நின்றிருக்கிறது. வாளை வைத்து இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க முடியாது. மன்னன் விலை பார்த்து வாள் வாங்குவதில்லை. பேனாக்கத்தியை வைத்துத்தான் கேட்க முடியும்.

மூசையில் விளைந்த எஃகு

பதிற்றுப்பத்து கொடுமணம் என்று குறிக்கும் ஊர் இன்றைய ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல். அங்கு நடந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்துள்ளன. பழைய தென்னார்க்காட்டுப் பகுதியின் மேல்சிறுவலூரில் மூசை எஃகு செய்யப்பட்டதற்கான சான்றுகளை 1990களில் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் வெளிக்கொணர்ந்தார். சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்வதாகத் தமிழக அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

செய்முறை எளிதாகத் தோன்றும். தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரைச் சுள்ளிகளையும் எருக்கிலைகளையும் களிமண் மூசையில் இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்து, துருத்தி ஊதி உருக்குவார்கள். சுள்ளியின் கரிமம் இரும்பில் கலக்கும். மெல்ல ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளங்கையளவு எஃகுக் கட்டி கிடைக்கும். அதில் கரிமம் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு. மேலை நாட்டார் இதை 'வூட்ஸ்' என்றனர். கன்னடத்து 'உக்கு' என்ற சொல்லின் திரிபு அது என்பது பெரும்பாலோர் கருத்து. நம் 'உருக்கு' அதற்கு உறவு.

லண்டன் கத்திக்காரர் செய்த சோதனை

1794இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் இந்த எஃகுக் கட்டிகளை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பாங்க்சுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்து 1795இல் கட்டுரை வாசித்தவர் ஜார்ஜ் பியர்சன். ஆய்வின்போது கட்டியில் ஒரு துண்டை அடித்து ஒரு பொருள் செய்து பார்க்கும் பொறுப்பு ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலரிடம் வந்தது. அவர் செய்த பொருள் வாளன்று, ஒரு பேனாக்கத்தி.

அந்தக் கத்தி இங்கிலாந்தின் நல்ல எஃகுக் கத்திக்கு இணையாக வெட்டியது. ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த எஃகை அடித்து வடிவம் கொணர்வது கடினம், உழைப்பு மிகுதி. சூடு சற்று மிஞ்சினால் சுத்தியலடியில் நொறுங்கும். ஸ்டோடார்ட் இதன் பின்னும் அதை உயர்வாகவே மதித்தார். தம் கடையின் விளம்பர அட்டையிலேயே இந்திய எஃகைப் பெருமையாகக் குறித்தார். 1819 முதல் சில ஆண்டுகள் மைக்கேல் ஃபாரடேயுடன் சேர்ந்து அதைப்போல் ஓர் எஃகைச் செய்யவும் முயன்றார். ஆனால் அவர் கடை அறுவை மருத்துவக் கருவிகளும் சவரக்கத்திகளும் விற்ற கடை. அங்கு வந்தவர்கள் விலை கொடுக்கக்கூடியவர்கள். பள்ளிச் சிறுவனின் பேனாக்கத்திக்கு அந்த எஃகு போய்ச்சேரவில்லை.

பரங்கிப்பேட்டையிலிருந்து ஷெஃபீல்டுக்கு

விலையின் கதை உண்மையில் திரும்புவது நம் பரங்கிப்பேட்டையில். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், சேலத்துக் கனியை நம்பி 1830 வாக்கில் அங்கு இரும்பாலை தொடங்கினார். நம் மூசை எஃகின் செய்முறையை அவர் கூர்ந்து கவனித்து எழுதியும் வைத்தார். பின் இங்கிலாந்து சென்று, 1839இல் மூசை எஃகில் மாங்கனீசுச் சேர்மத்தைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

அதன் பயன் என்ன? அதுவரை ஷெஃபீல்டின் நல்ல கத்தி எஃகு விலைமிக்க சுவீடன் இரும்பை நம்பியிருந்தது. மாங்கனீசு சேர்ந்தபின் மலிவான இரும்பிலிருந்தும் நன்றாக அடிபடக்கூடிய எஃகு கிடைத்தது. கத்தி எஃகின் விலை வெகுவாக இறங்கியது. ஸ்டோடார்ட் முறையிட்ட அதே இடர், அடிப்பதற்குக் கடினம் என்ற இடர், இங்கு தீர்க்கப்பட்டது. எஃகு முன்னிலும் கூர்மையாகிவிடவில்லை, செய்வதற்கு எளிதாயிற்று. அது போதுமானதாக இருந்தது.

ஹீத்துக்கு அதனால் நன்மை விளையவில்லை. மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியே மூசையில் இட்டால் இன்னும் மலிவாகுமென்று அவரே தம் முகவருக்குச் சொன்னார். அந்த முகவர், இது காப்புரிமையில் எழுதப்பட்ட முறை அன்று என்று கூறித் தாமே செய்யத் தொடங்கினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1851இல் ஹீத் வறுமையில் இறந்தார். பரங்கிப்பேட்டை ஆலையும் பின்னர் நிலைக்கவில்லை. 1856இல் வந்த பெஸ்ஸமர் முறை எஃகை டன் கணக்கில் கொட்டியது. 1882இன் சென்னை வனச் சட்டத்திற்குப் பின் கரிக்கு விறகு வெட்டுவதும் எளிதாக இல்லை. ஒரு முறைக்கு உள்ளங்கையளவு எஃகு தரும் மூசைக்காரர் அந்த விலையோடு எவ்விதம் போட்டியிடுவார்? நம் எஃகு தோற்றது தரத்தில் அன்று, கணக்கில்.

துருப்பிடிக்காத கத்தியும் விலைப் படிகளும்

1913இல் ஷெஃபீல்டின் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல்களுக்கான ஆய்வின்போது குரோமியம் கலந்த துருப்பிடியா எஃகைக் கண்டார். கத்தித் தொழிலர் முதலில் அவரை ஏளனம் செய்தனர். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என்பது அவருக்கு வாய்த்த பட்டம். ஏளனத்தில் சிறிது உண்மையும் உண்டு. குரோமியம் கரிமத்தோடு கூடிக் கடினத் துகள்களாகிவிடும். துருவைத் தடுக்க, கூடாமல் எஞ்சிய குரோமியம் போதிய அளவு வேண்டும். துருவையும் வென்று கூர்மையையும் காக்க வேண்டுமானால் இரண்டையும் அளந்து கலக்க வேண்டும்.

இன்று சந்தையிலுள்ள மடக்குக்கத்திகளின் படிநிலை இந்த அளவின் மீதுதான் நிற்கிறது. மிக மலிந்தவற்றில் 420 வகை எஃகு: கரிமம் அரை விழுக்காட்டுக்கும் குறைவு, துருப்பிடிக்காது, விரைவில் மழுங்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் உடனே கூராகும். நடுவில் சீனத்து 8சிஆர்13மோவ், ஜப்பானின் ஆஸ்-8: கரிமம் முக்கால் விழுக்காட்டளவு. மேலே டி2, அதற்கும் மேலே தூள் உலோக முறையில் செய்த எஸ்30வி: ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கரிமம், நான்கு விழுக்காடு வனேடியம். கரிமத்தின் அளவில் மட்டும் பார்த்தால் உச்சிப்படி ஏறி நாம் வந்து சேர்வது கொடுமணலின் கணக்குக்கே.

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். எட்டு செ.மீ. நீளம், இரண்டரை செ.மீ. அகலம், மூன்று மி.மீ. தடிமன் கொண்ட தகட்டின் எடை ஏறத்தாழ 47 கிராம். எஃகு கிலோ நூறு ரூபாய் என்று கொண்டால் அலகுக்கு ஐந்து ரூபாய்க்கும் குறைவு. பத்து மடங்கு விலையுள்ள எஃகானாலும் 47 ரூபாய்தான். கத்தியின் விலை வேறுபாடோ ஆயிரங்களில் செல்கிறது. வேறுபாட்டின் பெரும்பகுதி எஃகில் இல்லை. அதை வசப்படுத்தும் வேலையில் இருக்கிறது. 420 தகட்டை அச்சில் வைத்து ஓரடியில் வெட்டிவிடலாம். எஸ்30வியின் வனேடியத் துகள்கள் சாணைப்பட்டையின் மணலைவிடக் கடினமானவை. சாணைப்பட்டைகள் தேய்ந்துகொண்டே இருக்கும், நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். தோய்ச்சலின் சூட்டிலும் பிசகு கூடாது. 1795இல் ஸ்டோடார்ட் சொன்னதும் வேறொன்றுமில்லை.

ஒரகடம் சாலையில்

இக்கணக்கின் இன்றைய தாயகம் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழில்தடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள், ஒரகடத்தில் 2010க்குப் பின் கார்களும் 2012 முதல் லாரிகளும் உருவாகின்றன. அவற்றைச் சூழ்ந்த சிறு ஆலைகளில் தகடு வெட்டுவோரும், பற்சக்கரம் சாணை பிடிப்போரும், வெப்பப் பதமேற்றுவோரும் உள்ளனர். ஓர் அச்சு எத்தனை அடி தாங்கும், ஓர் அடிக்கு எத்தனை நொடி என்பதே அவர்களுடைய இலக்கணம். மலிவுக் கத்தியின் இலக்கணமும் அதுவே.

லாரியின் ஸ்பிரிங் பட்டைக்கோ வேறொரு பிறவியும் உண்டு. அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் கரிமம் கொண்ட அந்த எஃகு, வண்டி ஓய்ந்தபின் பழைய இரும்புக் கடை வழியாகக் கொல்லுலைக்குப் போய் அரிவாளாகிறது. எந்த எஃகு என்பதைக் கொல்லர் பெயரெண்ணால் அறிவதில்லை. சுத்தியல் துள்ளுவதிலும் தோய்ச்சலின் நிறத்திலும் அறிகிறார். அந்த அறிவுக்கு யாரும் தனியாக விலை போடுவதில்லை; பழைய பட்டையின் விலையோடு கூலியைச் சேர்த்துப் பேரம் முடிந்துவிடுகிறது.

எஸ்30வியைச் செய்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் குரூசிபிள். தமிழில் சொன்னால் மூசை. 1900இல் பதின்மூன்று மூசை எஃகு ஆலைகள் இணைந்து உருவான நிறுவனத்தின் வழிவந்த அது, 2024 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. உலகின் மிகச் சிறந்த கத்தி எஃகுகளுள் ஒன்றைச் செய்தவர்களும் கணக்கில் தோற்கிறார்கள் என்பதைக் காணும்போது, மேல்சிறுவலூரின் உடைந்த மூசைகள் நமக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

நம் எஃகு உலகை வென்றது என்று மேடையில் முழங்குவது எளிது. அந்த எஃகைச் செய்தவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்பது கடினம். அக்கேள்வியை ஒரகடத்துச் சாணைப்பட்டையின் முன் நிற்பவரைக் குறித்தும் நாம் கேட்டாக வேண்டும்.