பத்து வெள்ளியும் பழைய கணினியும்

1960. வெள்ளைக்காரர்கள் விற்ற ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, எங்கள் சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினர் வீ. தி. சம்பந்தன், தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். முதலாளி போனாலும் தோட்டம் நம் கையில் இருக்கட்டும் என்ற கணக்கு.

2014 ஏப்ரல் 8இல் மைக்ரோசாப்ட் விண்டோஸ் எக்ஸ்பியைக் கைவிட்டபோது அந்தக் கணக்குதான் நினைவுக்கு வந்தது. இங்கே ஒரு தமிழ்ப்பள்ளியில், "இனி இரும்புக்கடைதான் சார்" என்று ஒதுக்கிய கணினிகள். 512 எம்பி நினைவகம். எடை குறைந்த லினக்ஸான லுபுண்டுவைப் போட்டேன். ஓடிச்சு! தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்தாச்சு. பாடக் குறுந்தட்டுகள் சில ஓடவில்லை, உண்மைதான். ஆனால் லினக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது. ஒருவர் விட்டால் இன்னொருவர் தொடரலாம். மெனுக்களில் பல இடங்களில் இன்னும் ஆங்கிலம். அதைத் தமிழாக்குவதுதான் நாம் கட்டவேண்டிய பத்து வெள்ளி.